தொட்டிக்குள் ஒரு பகல்

மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைப் பார்த்து மயங்குகிறார்கள். அடுத்துத் தொட்டியின் நீள அகலங்களைப் பற்றி வீட்டாரோடு வழக்காடுகிறார்கள். விளக்கின் நினைவு, கடைக்காரர் பற்றுச்சீட்டில் கூட்டல் போடுகிற வேளையில்தான் வருகிறது. "இதோடு ஒரு விளக்கும் சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு வாக்கியத்தில் அது முடிந்துவிடும். வெறும் மீன் வாழும் தொட்டிக்கு அவ்வளவு போதும். மீனைப் பார்க்க விரும்புகிற நமக்குத்தான் அங்கே விளக்கு வேண்டும். செடி நட்ட தொட்டியின் கதை வேறு. அங்கே விளக்குதான் ஞாயிறு. இலைக்கு உணவும், மீன் மூச்சுவிடப் பிராணவாயுவும் அதன் தயவில் நடக்கின்றன. கண்ணாடியை நாற்றமெடுத்த பச்சைச் சுவராக்கும் பாசியும் அதே ஒளியைத் தின்றுதான் வளர்கிறது. ஆகவே இவ்விளக்கைத் தேர்வது, ஒரு சிறு உலகத்துக்குப் பகலை அளந்து கொடுக்கிற வேலை.

இவ்வேலை என் தலையில் வந்து விழுந்தது என் காக்காவினால். ஆண்டில் பாதியைக் கொழும்பிலும் பாதியைக் காயல்பட்டினத்திலும் கழிக்கிற அவருக்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி வேண்டுமென்ற எண்ணம் பிறந்தது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 680 லிட்டர் நீர். மண்ணும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் முக்கால் டன்னைத் தாண்டும். தரைத்தளமாக இருந்ததால் பிழைத்தோம். அவர் மனத்திலிருந்த படம் ஜப்பானியருடையது. தகாஷி அமானோ என்ற கலைஞர் (1954–2015) நீருக்கடியில் மலையும் காடும் புல்வெளியும் அமைத்து உலகை வியக்க வைத்தவர். லிஸ்பன் நகரத்து மீன்காட்சியகத்தில் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவருடைய நீரடிக் காடு 40 மீட்டர் நீளமுடையது, 1,60,000 லிட்டர் நீரைக் கொண்டது. அந்தப் படங்களைக் காட்டி, "நம் கூடத்தில் இதில் ஒரு துண்டு போதும்" என்றார் காக்கா. விளக்கைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு, முப்பதாண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற ஒரே காரணத்தால் எனக்கு வந்தது.

கூடத்தில் இருப்பவர் உம்மா. எண்பதைக் கடந்தவர். பகலின் பெரும்பகுதியைச் சாய்வுநாற்காலியில் கழிக்கிற அவருக்கு எதிரேதான் தொட்டி அமையவிருந்தது. காக்கா கப்பலேறியபின் (இப்போது விமானம்தான், பேச்சு மட்டும் மாறவில்லை) தொட்டியைப் பேணப்போகிறவன் நான். நாள் முழுதும் பார்க்கப்போகிறவர் அவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கடைகளுக்குப் போனேன்.

சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் வணிகத்துக்குப் பேர்போனது. தெருத்தெருவாகக் கடைகள். அங்கே ஒரு கடையில், "எத்தனை வாட் வேண்டும்?" என்றார்கள். இன்னொரு கடையில், "எத்தனை லுமென்?" என்றார்கள். மூன்றாவது கடையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக எரிந்த ஒரு விளக்கைக் காட்டி, "செடிக்கு நீலமும் சிவப்பும் போதும், மற்ற நிறமெல்லாம் வீண்" என்று அடித்துப் பேசினார்கள். மூவருமே பொய்யர்களல்லர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய உண்மையின் துண்டு இருந்தது. அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விளக்கு வாங்குவது எளிதாகிவிடும்.

நீர்ச்செடிக்கும் ஒளிக்கும் உள்ள உறவைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். 1779-ஆம் ஆண்டு அவர் இலைகளை நீரில் மூழ்கவைத்து வெயிலில் வைத்தார், குமிழிகள் எழுந்தன. நிழலுக்கு மாற்றினார்; நின்றன. வெயிலின் சூடு இதற்குக் காரணமில்லை, ஒளியே காரணம் என்பதையும் சோதித்துத் தெளிந்தார். இன்றும் நல்ல விளக்கின் கீழ் மாலைவேளையில் இலைநுனிகளிலிருந்து முத்துமுத்தாய்க் குமிழி எழுவதைக் காணலாம். 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு தங்கமீன்களையும் ஒரு வாலிஸ்நேரியாச் செடியையும் நத்தைகளையும் ஒரே கண்ணாடிக்கலத்தில் வாழவைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாவதைக் காட்டினார். செடித்தொட்டியின் குலமுதல்வர் அவரே எனலாம். அவருக்கு விளக்குக் கவலை இல்லை, சன்னல் இருந்தது.

சன்னலையே நாமும் நம்பினால் என்ன என்று காக்கா கேட்டார். எங்கள் கூடத்தை ஒட்டித் திறந்த முற்றம் இருக்கிறது, வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் நம் நாட்டு உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுள்ளது. தொட்டிச்செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தாலே மிகுதி. பக்கவாட்டில் ஓரிரு மணி நேரம் விழுகிற வெயில் செடியைச் சன்னல்பக்கம் சாயவைக்கும், நீரைச் சூடாக்கும், நீரையே பச்சைக் கஞ்சியாக்கும் நுண்பாசிக்கு விருந்துவைக்கும். தொட்டியை முற்றத்து வெயில் எட்டாத சுவரோரம் நகர்த்தினோம். விளக்கு ஒன்றே அதன் பகலாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

வாட் கணக்கு குழல்விளக்குக் காலத்துச் சொத்து. ஒரு காலன் நீருக்கு ஒன்று முதல் மூன்று வாட் என்று அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள் வகுத்த விதி அது. அன்று எல்லாருடைய தொட்டியிலும் ஏறக்குறைய ஒரேவகைக் குழல் எரிந்ததால் வாட்டைச் சொன்னால் ஒளி புரிந்தது. எங்கள் தொட்டி ஏறத்தாழ 180 அமெரிக்கக் காலன். காலனுக்கு இரண்டு வாட் என்றால் 360 வாட் வேண்டும். நாளுக்கு ஏழு மணி நேரம் எரித்தால் இரண்டரை யூனிட், மாதத்துக்கு 75 யூனிட். எல்.ஈ.டி. வந்தபின் இந்த விதி செத்துவிட்டது. அதே ஒளியை அதில் பாதிக்கும் குறைந்த மின்சாரத்தில் பெறலாம். வாட் என்பது நாம் செலவழிப்பதைச் சொல்கிறது. செடி பெறுவதைச் சொல்வதில்லை. தவிரவும் குழல்விளக்கு வாங்கிவைப்பதில் இனிப் பொருளில்லை. அதிலுள்ள பாதரசத்தின் பொருட்டு, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, 2027-ஆம் ஆண்டுக்குள் அதன் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த ஒப்பின.

இவ்விடத்தில் ஒரு சிறு வேடிக்கை. வெள்ளை எல்.ஈ.டி.யின் உள்ளே இருப்பது நீல விளக்கு. மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் அதை வெள்ளையாக்குகிறது. அந்த நீல விளக்கைச் சாத்தியமாக்கியதற்காக 2014-இல் நோபல் பரிசு பெற்ற, ஜப்பானில் பிறந்த மூவரில் ஒருவர் பெயர் ஹிரோஷி அமானோ. காக்கா பித்துப்பிடித்துப் பேசுகிற தொட்டிக் கலைஞரும் அமானோ. விளக்குக்கு ஓர் அமானோ, தொட்டிக்கு ஓர் அமானோ என்று நான் சொன்னதை அவர் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

லுமென் கணக்குத்தான் படித்தவர்களையும் மயக்குவது. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அந்த எண், மனிதக் கண்ணுக்கு விளக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தோன்றும் என்பதன் அளவு. நம் கண் பகலில் 555 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சைமஞ்சளை மிகுதியாக உணர்கிறது. நீலத்தையும் கருஞ்சிவப்பையும் மங்கலாகவே உணர்கிறது. இலைக்குக் கண் இல்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களில் எத்தனை தன்மேல் விழுந்தன என்பதே அதற்குக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் துகள்களை மைக்ரோமோல் என்ற அலகில் எண்ணுகிறார்கள். உச்சிவெயிலுக்கு இது 2,000 அளவில் இருக்கும். தொட்டியின் மண்மட்டத்தில் 20 முதல் 30 கிடைத்தால் நிழல்விரும்பும் செடிகள் நிம்மதியாக வாழும். 40, 50 என்றால் நடுத்தரச் செடிகள் செழிக்கும். அதற்கு மேலே போகப் போகப் பொறுப்பும் கூடும்.

இளஞ்சிவப்பு விளக்குக்காரர் சொன்னதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1882-இல் எங்கெல்மன் என்ற ஜெர்மானியர் ஒரு பாசியிழைமேல் வானவில்லைப் படரவிட்டு, பிராணவாயுவை நாடும் நுண்ணுயிர்கள் எங்கே மொய்க்கின்றன என்று பார்த்தார். சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் அவை திரண்டன. இந்த அழகிய சோதனை பாடப்புத்தகங்களில் நுழைந்து, "பச்சையால் பயனில்லை" என்ற அரைகுறைப் பாடமாக நிலைத்துவிட்டது. நானே பல ஆண்டு அதை வகுப்பில் கேட்டிருக்கிறேன். 1972-இல் கீத் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து வெளியிட்ட முடிவைப் பார்த்தால், பச்சையொளியும் நல்ல பங்கு வேலை செய்வது தெரியும். இலை பச்சையில் சிறிதளவைத்தான் திருப்பியனுப்புகிறது. நல்ல வெள்ளை விளக்கு எதுவானாலும் செடி வளரும். ஊதா விளக்கின் கீழும் வளரும்தான். ஆனால் மீன்கள் காய்ச்சல்கண்டவைபோல் தெரியும், கூடம் மருந்துக்கடைப் பெயர்ப்பலகைபோல் ஆகும்.

எங்கள் தொட்டியில் உண்மையான சிக்கல் ஆழமும் அகலமும். இரண்டடி ஆழத்துக்குப் போவதற்குள் தெளிந்த நீரே சிவப்பொளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். மரக்கட்டை ஊறித் தேயிலைநிறம் இறங்கிய நீரோ நீலத்தை விழுங்கும். நடுவில் ஒற்றை வரிசையாக விளக்கைத் தொங்கவிட்டால் இரண்டடி அகலத்தின் முன்னும் பின்னும் நிழல் தங்கும். ஆகையால் மூன்றடிச் சட்டங்கள் நான்கு வாங்கி, இரண்டிரண்டாக இரு வரிசையில் அமைத்தோம். ஒவ்வொன்றும் 30 வாட். ஆறடிச் சட்டம் இரண்டு வாங்குவதைவிட இதில் எனக்குப் பிடித்தது, ஒன்று பழுதானாலும் செடிகள் முற்றிருளில் கிடக்கமாட்டா என்பது.

கண்ணாடிச் சுவர்கள் ஒளியை வெளியே விட்டுவிடாவா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒளி நீரில் புகும்போது செங்குத்தை நோக்கி வளைகிறது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒளிநூலின் ஏழாம் பகுதி முழுவதையும் இந்த வளைவுக்கே ஒதுக்கினார். வளைந்த கதிர் சுவரைச் சாய்வாகச் சந்திப்பதால், மேலிருந்து ஏறத்தாழ 60 பாகைக்குள் நுழைகிற ஒளியெல்லாம் சுவரில் பட்டு முழுதும் உள்ளேயே திரும்பும். துப்புரவான கண்ணாடி உட்புறமிருந்து ஒரு நிலைக்கண்ணாடிதான். பாசி படிந்துவிட்டால் அந்த வரம் போய்விடும். வாரம் ஒருமுறை சுரண்டுவது அழகுக்காக மட்டுமன்று.

நீர் நிரப்புமுன் ஒரு காரியம் செய்தேன். இதை எல்லாருக்கும் பரிந்துரைப்பேன். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, வெறுந்தொட்டியின் அடியில் ஒன்பது இடங்களில் வைத்துப் பார்த்தேன். முழு ஒளியில் நடுவில் 6,000 லக்ஸ், மூலைகளில் 2,800. லக்ஸ் மனிதக்கண் கணக்கு என்றேனே. அதை இலைக்கணக்காக்க ஒரு வகுத்தல் உண்டு. வெயிலானால் 54-ஆலும், குளிர்வெள்ளைக் குழல்விளக்கானால் 74-ஆலும் வகுக்கவேண்டும். வெள்ளை எல்.ஈ.டி. இரண்டுக்கும் இடையே நிற்பதால் 65 என்று கொண்டேன். நடுவில் 92, மூலையில் 43 மைக்ரோமோல். கைப்பேசி துல்லியக் கருவியன்று; நீர் நிறைந்தபின் கணக்கும் மாறும். ஆயினும் எங்கே வெயில், எங்கே நிழல் என்ற வரைபடம் கைக்கு வந்துவிட்டது. செடி நடுவதற்கு அதுதான் வேண்டும்.

இனித்தான் காக்காவுக்கும் எனக்கும் வாதம்.

அவர் கேட்ட பச்சைக் கம்பளம், கியூபாவிலிருந்து வந்த ஹெமியாந்தஸ் போன்ற குறுஞ்செடிகளால் ஆவது. அதற்கு முழு ஒளி வேண்டும். ஒளியைக் கூட்டினால் செடி விரைந்து சமைக்கத் தொடங்குகிறது. சமைக்கக் கரியமிலவாயு வேண்டும். காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான். மேலும் அவ்வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. கம்பளம் வைப்போர் சிலிண்டரிலிருந்து குழாய்வழி செலுத்தி, 20 முதல் 30 மில்லிகிராம்வரை ஏற்றுகிறார்கள். அளவு மீறினால் மீன்கள் மேலே வந்து வாய்பிளந்து மடியும். வாயுவோடு நைட்ரேட், பொட்டாஷ், இரும்பு ஆகியவற்றையும் அளந்து ஊற்றவேண்டும். ஏதேனும் ஒன்று குறைந்தாலும் செடி நின்றுவிடும். நின்ற செடி உண்ணாத ஒளியைப் பாசி உண்ணும். பெரிய விளக்கு வாங்குகிறவர் இந்தக் குடும்பச்செலவு முழுவதையும் சேர்த்தே வாங்குகிறார். கடையில் இதைச் சொல்வோர் அரிது.

"வாயு நிரப்பத் தூத்துக்குடிக்குப் போகவேண்டும். நீங்கள் கொழும்பில் இருக்கும் ஆறு மாதம் யார் போவது, காக்கா?" என்றேன்.

"நீ போகமாட்டாயா?"

"போவேன். ஒருமுறை வாயு கூடி மீன் செத்தால் உம்மாவுக்கு நான் என்ன சொல்வது?"

அவர் பேசவில்லை. கொழும்பில் நாற்பதாண்டுகள் கடை நடத்தியவர். வரவு செலவு தெரியாதவரல்லர். ஆனாலும் முகம் வாடியதை நான் கவனித்தேன். ஒரு மனிதர் உழைத்து ஓய்ந்தபின் ஆசைப்பட்டுக் கேட்கிற ஒன்றை வேண்டாமென்று சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. அன்றிரவு அந்த ஒன்பது எண்களை மறுபடி எடுத்துவைத்துப் பார்த்தபோது வழி தெரிந்தது. விளக்குக்கு அருகே போகப்போக ஒளி கூடும். தொட்டியின் வலப்பக்கம் கற்களை அடுக்கி ஓரடி உயரத்துக்கு ஒரு திட்டு எழுப்பினால், விளக்கைப் பாதியாகக் குறைத்து எரித்தாலும் திட்டின்மேல் நல்ல வெளிச்சம் விழும். கீழே நிழல் நிழலாகவே இருக்கும். ஒரே விளக்கு, இரண்டு பருவநிலை. காக்காவின் குன்று அந்தத் திட்டில் அமைந்தது. கம்பளச்செடிக்குப் பதில், வாயு செலுத்தாமலே வளரக்கூடிய ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியாவும், நம் வயல்வரப்பில் படர்கிற நீர்ப்பிரமியும் நட்டோம். நுனிகள் மேலேறியபின் சிறிது செம்மை கண்டது. தென்னிந்திய நீர்நிலைகளுக்கே உரிய ரோட்டாலா மாக்ராண்ட்ரா என்ற செக்கச்செவேலென்ற இனத்தைத்தான் அவர் முதலில் கேட்டார்; அது வீட்டிலுள்ள ஒளி, வாயு, உரம் எல்லாவற்றையும் கேட்கிற பெரிய இடத்துப் பெண். விட்டுவிட்டோம்.

நிழல்பகுதியில்தான் எனக்குப் பேரானந்தம். கிரிப்டோகொரைன் வென்டியை இலங்கைக்கே உரிய செடி; காட்டோடைகளில் மரநிழலில் வளர்வது. எங்கள் வாப்பாவும் காக்காவும் பிழைக்கப்போன தீவிலிருந்து வந்த அது, 20 மைக்ரோமோல் வெளிச்சத்தில் எங்கள் கூடத்தில் பழுப்பும் பச்சையுமாகப் பரவுகிறது. நட்ட புதிதில் அதன் இலைகள் கரைந்து விழும்; பயந்து பிடுங்கிவிடாமல் விட்டால் வேரிலிருந்து துளிர்க்கும். நம் குளங்களின் கொட்டிக்கிழங்குக்கு உறவான அபோனோஜெட்டான் கிரிஸ்பஸ் நடுவில் அலையலையான இலையோடு நிற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணில் புதைக்காமல் கட்டையில் நூலால் கட்டினோம். அவற்றுக்கு மிகுந்த ஒளி கொடுத்தால் மெதுவாக வளரும் இலைகளில் கரும்பாசி குடியேறும்.

விளக்கின் நிறத்தை முடிவுசெய்தவர் உம்மா. அதுவும் எதிர்பாராத வகையில். நாங்கள் வாங்கிய சட்டங்களில் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் நான்கையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். முதல்நாள் காக்கா தம் விருப்பப்படி நீலத்தைச் சற்றே தூக்கிவைத்தார்; நீர் பளிங்குபோல் தெரியும் என்பது அவர் கணிப்பு. எனக்கும் நன்றாகத்தான் தோன்றியது. நாற்காலியிலிருந்து உம்மா கேட்டார்: "துணிக்குப் போடுற நீலத்தைத் தண்ணிக்குப் போட்டீங்களா வாப்பா?"

உம்மாவுக்கு வலக்கண்ணில் புரை நீக்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. இடக்கண் இன்னும் ஆகவில்லை. ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். வலக்கண்ணுக்கு நீலம். இடக்கண்ணுக்கு? "பால் விடாத தேயிலைத் தண்ணி" என்றார். இரண்டு கண்ணுக்கும் எதிரே இருந்தது ஒரே தொட்டி, ஒரே விளக்கு. வயது ஏற ஏறக் கண்ணின் இயற்கை வில்லை மஞ்சளிக்கிறது; புரை விழுந்தால் இன்னும் மஞ்சளிக்கிறது; நீலவொளி உள்ளே போகாமல் தடுபடுகிறது. அந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ்வதால் யாரும் உணர்வதில்லை. புரையை எடுத்துத் தெளிந்த வில்லையை வைத்ததும் நீலம் வெள்ளமாய்ப் புகுகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் புரை நீக்கியபின் எல்லாம் நீலமாகத் தெரிவதாக முறையிட்டார் என்பதைப் படித்திருந்தேன். கண்ணெதிரே கண்டது அன்றுதான். எழுபது வயதுக் காக்காவும் அறுபத்துமூன்று வயது நானும் எங்கள் மஞ்சள் வில்லைகள் வழியே பார்த்துக்கொண்டு, "பளிங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மூவரில் சரியாகப் பார்த்தது அந்த வலக்கண் ஒன்றுதான்.

6,500 கெல்வின், 10,000 கெல்வின் என்று விளக்குப் பெட்டிகளில் போடுகிறார்களே, எண் ஏற ஏற நீலச்சாயல் ஏறும் என்பது அதன் பொருள். இரண்டிலும் செடி வளரும். துகள் எண்ணிக்கை குறையாதவரை இலை அதைப் பொருட்படுத்துவதில்லை. நிறம் பார்ப்பவர்க்கு உரியது. பார்ப்பவர் உம்மா. அவருடைய வலக்கண்ணை வைத்தே நீலத்தைப் படிப்படியாகக் குறைத்து, வெள்ளையைக் கூட்டி, மீன்களின் செம்மை எடுபடச் சிவப்பைச் சற்றே சேர்த்தோம். இடக்கண்ணும் விரைவில் அந்தக் கண்ணைப்போலவே ஆகப்போகிறது என்பதால் அதன் தீர்ப்பை எடுத்துக்கொள்ளவில்லை. காக்கா அரைமனதாக ஒப்பினார். சிவப்பைக் கூட்டியதில் "மிஸ் கேரளா" மீன்களின் கோடு மின்னுவதைக் கண்டபின் அவருக்குச் சமாதானம் ஆயிற்று. மேற்குத்தொடர்ச்சி மலை ஆறுகளின் அழகி அது. இயற்கையில் அருகிவரும் இனம் என்பதால், பண்ணையில் பெருக்கியதுதானா என்று கேட்டு வாங்கினோம்.

படங்களில் கண்டவாறு விளக்கைக் கம்பியில் உயரத் தொங்கவிடுவது காக்காவின் மற்றொரு விருப்பம். நீர்மட்டத்துக்கு ஓரடிக்கு மேலே தூக்கினால் ஒளி சீராகப் பரவும், உண்மை. ஆனால் தாழ்ந்த நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு விளக்கின் அடிப்பாகம் நேரே தெரியும். புரை நீக்கிய கண் அந்தக் கூச்சத்தைத் தாங்காது. தச்சரை அழைத்துச் சட்டத்தின் முன்புறம் நான்கு அங்குல அகலத்தில் ஒரு மரப்பலகை அடிக்கச் செய்தோம். உள்பக்கம் வெள்ளைச் சாயம் பூசியதால் வீணாகிற ஒளி தொட்டிக்குள்ளேயே திரும்புகிறது. பழைய காலத்துத் தொட்டி மூடியைப்போல் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

நேரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்பநாட்டுப் பகல் பன்னிரண்டு மணி நேரம் என்று தொட்டிக்கும் பன்னிரண்டு மணி நேரம் எரிப்பவர்கள் பாசியை வளர்க்கிறார்கள். தொடக்கத்தில் ஆறு மணி நேரம், செடி வேரூன்றியபின் ஏழு அல்லது எட்டு. எந்த ஏழு என்பது நம் விருப்பம். வேலைக்குப் போகிறவர் வீட்டில் காலையில் எரித்துவிட்டு மாலையில் இருட்டுத் தொட்டியைப் பார்ப்பது பரிதாபம். எங்கள் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மெல்ல விடிகிறது. அஸர் தொழுதுவிட்டு உம்மா வந்து அமர்கிறபோது முழு வெளிச்சம். இரவு பத்து மணிக்கு அந்தி. அரைமணி நேரம் படிப்படியாக ஏறி இறங்கும்படி நேரங்காட்டியில் வைத்திருக்கிறோம். இருட்டில் திடீரென்று பளிச்சென எரிந்தால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும், மிஸ் கேரளா துள்ளி வெளியே விழும்.

கடற்கரை ஊர் என்பதால் வேறு இரண்டு கவலைகள். கோடையில் நீர் 30 பாகையைத் தொடும். பழைய உலோக ஹாலைடு விளக்கின் கதிரில் சூடு நேரே நீரில் இறங்கும், எல்.ஈ.டி.யின் சூடு பெரும்பாலும் முதுகுப்புறத் தகட்டின்வழி மேலே போகிறது. ஆனால் அந்தத் தகட்டுக்குக் காற்று வேண்டும். மூடிக்குள் அடைத்துவைத்தால் ஆயுள் குறையும். சிறு விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின்மேல் வீசச் செய்தால் ஆவியாதலால் நீர் இரண்டு மூன்று பாகை குளிரும். மற்றொன்று உப்புக்காற்று. தூசும் நீரும் புகாத தரமுடைய சட்டத்தையே கேட்டு வாங்கவேண்டும்; திறந்த இணைப்புள்ள மலிவான சட்டம் நம் கடற்கரைக் காற்றுக்குப் பச்சைப்பிடித்துப் போகும். மின்கம்பி சுவர்த்துளைக்கு நேராக வராமல், அதற்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி விடுங்கள். கம்பிவழி வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இல்லாமல் தொட்டிக்குள் யாரும் கைவிடவேண்டாம். பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடுகளில் இதை விளக்கு வாங்குமுன் செய்யவேண்டும்.

120 வாட் விளக்கைப் பாதியளவில் எரிக்கிறோம். நாளுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. மாதத்துக்குப் பதின்மூன்று யூனிட் அளவில். முழுதும் எரிக்கும் திறனுள்ளதைப் பாதியில் எரிப்பதால் சூடும் குறைவு, ஆயுளும் கூடுதல். காக்கா சென்ற மாதம் கொழும்புக்குப் போய்விட்டார். வாரத்துக்கொருமுறை காணொளியில் குன்றைக் காட்டச் சொல்கிறார். கைப்பேசிப் படத்தில் நீலம் மிகுதியாகத் தெரிகிறதென்று அவர் இப்போது குறைசொல்கிறார். உம்மாவின் இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறது. அதன்பின் ஒருமுறை நிறத்தைச் சரிபார்க்கவேண்டும். இத்தகைய விளக்குகளில் சில்லுகள் போவதற்கு முன்னே மின்வழங்கிப் பெட்டிதான் பெரும்பாலும் போகிறது. எங்கள் ஊர் மின்னழுத்தமும் அதற்கு உதவி செய்கிறது. அதே அளவில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, உலர்ந்த துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.